மேல்தளம் ஏற்றும் முன் கீழே இருப்பதைச் சோதியுங்கள்: கடலூர் மாவட்டப் பள்ளிக் கட்டடங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பள்ளிக் கட்டடத்துக்கு நிலநடுக்க ஆய்வு நடத்தச் சொல்லி எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு போட்ட தீர்மானத்துக்குப் பதில் வந்துவிட்டது. நான்கு வரி. கடலூர் மாவட்டம் நிலநடுக்க அபாயம் குறைந்த மண்டலத்தில் இருக்கிறது. கட்டடத்துக்கு உறுதிச் சான்று இருக்கிறது. ஆகவே நிலநடுக்க ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. நான்காவது வரி, கூடுதல் வகுப்பறைகளை அதே கட்டடத்தின் மேல் கட்ட ஒப்புதல் கிடைத்திருக்கும் தகவல். ஆய்வு வேண்டாம் என்பதும், மேலே இன்னொரு தளம் ஏற்றலாம் என்பதும் ஒரே தாளில் வந்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை.

எந்த அலுவலகத்தின் பதில் என்று இங்கே எழுதவில்லை. வேறு அலுவலகத்தில் கேட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். ஒன்றியப் பள்ளியைக் கட்டுவது ஒரு துறை, மேல்நிலைப் பள்ளியைக் கட்டுவது இன்னொரு துறை, பள்ளியை நடத்துவது கல்வித் துறை, பேரிடர் என்று வந்துவிட்டால் மாவட்ட நிர்வாகம். கேள்வி கேட்டால் கோப்பு மட்டும் சுற்றி வரும். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கட்டட வேலைதான் என் பிழைப்பு. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிறேன். என் மகள் படிப்பது அந்தப் பள்ளியில்தான், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில். வெள்ளையடித்து, படம் வரைந்து, வெளியிலிருந்து பார்க்க அழகாகவே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எழுபதுகளில் கட்டிய வகுப்பறைகள் ஒரு வரிசை. அதை ஒட்டி, தொண்ணூறுகளில் கட்டிய வகுப்பறைகள். செங்கல் சுவர் மேல் கான்கிரீட் தளம், முன்பக்கம் வராந்தா. பழைய சுவரில் பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தில் செங்கல் இடுக்கில் வண்டிச் சாவியை வைத்துக் கீறினேன். சாந்து நாட்டுச் சர்க்கரை மாதிரிக் கொட்டியது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் மூலையில் செங்கல்லைப் பல் விட்டுக் கோக்கவே இல்லை, ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தளத்திலிருந்து தரைவரை நேர்கோடாக ஒரு பிளவு. ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக உள்ளே போகிறது. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் அதைப் பூசி மறைப்பார்கள், அடுத்த கோடையில் அது திரும்பத் திறந்துகொள்ளும். ஜன்னல்களுக்கு மேலே தனித்தனியாக லிண்டல் போட்டிருக்கிறார்களே தவிர, எல்லாச் சுவர்களையும் சுற்றிவளைத்துக் கட்டும் லிண்டல் பெல்ட் கிடையாது. அந்த பெல்ட் இல்லாத கட்டடம் குலுங்கினால் நான்கு சுவரும் நான்கு பக்கம் தனித்தனியாக ஆடும். அவற்றை நம்பித்தான் மேலே தளம் உட்கார்ந்திருக்கிறது.

வராந்தாத் தூண்களில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருவேறி வீங்கி, மேல் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளியிருக்கிறது. உள்ளே, நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் தெரிகிறது. அதன் முனையை 90 பாகைக்கு மடக்கி விட்டுவிட்டார்கள். நிலநடுக்கத்துக்கான விதி, முனையை 135 பாகை வளைத்துத் தூணின் உள்பக்கம் செருகச் சொல்கிறது. காரணம் எளிது. தூண் இப்படியும் அப்படியும் ஆடும்போது மேல் கான்கிரீட்தான் முதலில் கழன்று விழும். அப்புறம் 90 பாகைக் கொக்கிக்குப் பிடிமானம் இல்லை, ரிங் பிரியும், நெடுங்கம்பி வெளியே பிதுங்கும், தூண் உட்கார்ந்துவிடும். இந்த விதி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13920இல் இருக்கிறது. நிலநடுக்க மண்டலத்தின் எண் கூடக் கூட அபாயமும் கூடும். மூன்றாம் மண்டலத்திலும் அதற்கு மேலும்தான் அது கட்டாயம், எங்களுடைய இரண்டாம் மண்டலத்தில் கட்டுபவரின் விருப்பம். ஒரே கம்பி கட்டுபவர் மூன்றாம் மண்டலமான சென்னையில் வேலை பார்த்தால் ஒரு மாதிரி மடக்க வேண்டும், கடலூரில் பார்த்தால் எப்படி வேண்டுமானாலும் மடக்கலாம்.

போதாததற்கு அந்தத் தூண்களுக்கு நடுவே இடுப்பளவுக்குக் கைப்பிடிச் சுவர். பிள்ளைகள் விழக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் கட்டியது. ஆனால் தூணின் கீழ்ப்பாதியைச் சுவர் இறுகப் பிடித்துக்கொள்வதால், ஆடுவதற்கு மேல்பாதிதான் மிச்சம். மொத்த விசையும் அந்தக் குட்டைப் பகுதியில் வந்து இறங்கும். குட்டைத் தூண் உடைவது என்பது உலகம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறு. சுவருக்கும் தூணுக்கும் நடுவில் சிறிய இடைவெளி விட்டிருந்தாலே போதும்.

அந்தப் பழைய கட்டடத்தில் சின்ன வயதில் கையாளாக வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மேலே கட்டப்போகிறார்கள் என்று சொன்னதும் அவர் கேட்டது: “ஏன் தம்பி, அது ஒத்தத் தளத்துக்குத் தோண்டுன கடக்கால் ஆச்சே, அதுமேல எப்படி ஏத்துவாங்க?” இந்தக் கேள்விக்கு உங்கள் கோப்பில் பதில் இருக்கிறதா? கடக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, தோண்டிப் பார்த்தார்களா? பழைய வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா? எங்கள் குழுவுக்கு எதுவும் காட்டப்படவில்லை.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் கடல் மணலும்தான் எங்கள் கரையோர நிலம். கேப்பர் மலைப் பக்கம் இருப்பதுபோல் இறுகிய தரை இல்லை. இளகிய மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும்.

சரி, உறுதிச் சான்று இருக்கிறதே என்கிறீர்கள். அந்தச் சான்றுக்கு என்ன பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தளம் ஒழுகுகிறதா, கம்பி வெளியே தெரிகிறதா, சுவர் விரிந்திருக்கிறதா, சன்ஷேட் தொங்குகிறதா. கட்டடம் தன் பாரத்தையும் உள்ளே இருப்பவர்கள் பாரத்தையும் தாங்குகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அந்தப் பாரம் மேலிருந்து கீழே இறங்குவது. நிலநடுக்கம் பக்கவாட்டில் இழுப்பது. நேராக இறங்கும் பாரத்தை ஐம்பது வருடம் தாங்கிய செங்கல் சுவர், பக்கவாட்டு இழுப்பில் சில நொடிகள்கூடத் தாக்குப்பிடிக்காமல் போகலாம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபோது, மாநிலம் முழுக்கப் பள்ளிகளைப் பார்வையிட்டு, பழுதான கட்டடங்களை அடையாளம் கண்டு இடித்தார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் அன்று தேடியது தானாக விழக்கூடிய கட்டடங்களை. குலுங்கினால் விழக்கூடியவற்றை யாரும் தேடவில்லை. அவை பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

அடுத்தது மண்டலம். 2002இல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது முதலாம் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டு அதை இரண்டாம் மண்டலத்தோடு சேர்த்தார்கள். நிலநடுக்கமே கணக்கில் வராத இடம் என்று இந்தியாவில் ஓர் ஊரும் இல்லை என்பதுதான் அதன் பொருள். எடுத்துவிட்டதற்குக் காரணங்களில் ஒன்று, மகாராஷ்டிரத்தின் கில்லாரி. அன்றைய வரைபடத்தில் அந்தப் பகுதி முதலாம் மண்டலம், அதாவது நாட்டிலேயே மிகப் பத்திரமான இடம். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் அங்கே நிலம் குலுங்கி ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அந்தத் தேதி உங்களுக்குப் பழக்கமானதுதான். தென்னார்க்காட்டைப் பிரித்து நம் கடலூர் மாவட்டம் உருவானதும் அதே 1993 செப்டம்பர் 30.

‘இங்கெல்லாம் வராது’ என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. 2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை, இரவு 8.26 மணி. புதுச்சேரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்கு அடியில் 5.5 அளவில் நிலநடுக்கம். சென்னைவரை உணர்ந்தார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன, தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கட்டடங்களில் அங்கங்கே விரிசல், அதோடு போயிற்று. ஆனால் பள்ளிகள் பூட்டியிருந்த நேரம் அது என்பதை மறந்துவிடக்கூடாது. அதே ஆண்டு ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் குலுங்கியபோது குடியரசு தின விடுமுறை. 2015 ஏப்ரல் 25 நேபாளத்தில் சனிக்கிழமை, பள்ளி இல்லை. 2005 அக்டோபர் 8 காலையில் காஷ்மீர் எல்லைக்கு அப்பால் குலுங்கியபோது பள்ளி நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வகுப்பறையிலேயே போய்விட்டார்கள்.

இந்த ஒப்புதலைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது இத்தாலியில் உள்ள சான் ஜூலியானோ என்ற சின்ன ஊர். 2002 அக்டோபர் 31, காலை பதினொன்றரை மணி வாக்கில் 5.7 அளவில் ஒரு நிலநடுக்கம். நமக்கு 2001இல் வந்ததைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஊரில் மற்ற கட்டடங்கள் பெரும்பாலும் விரிசலோடும் சேதத்தோடும் நின்றன. முழுதாக விழுந்தது பள்ளிக்கூடம். 27 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். அந்த ஊர் அவர்கள் வரைபடத்தில் நிலநடுக்கப் பகுதியாகவே சேர்க்கப்படவில்லை. அந்தப் பள்ளி, பழைய கல் கட்டடத்தின் மேல் பின்னாளில் இன்னொரு தளம் ஏற்றிய பள்ளி. அந்த ஊர் நிலநடுக்க மையத்துக்குப் பக்கத்தில் இருந்தது, நமக்கு மையம் கடலில் இருந்தது என்ற வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன். அடுத்த முறையும் அது கடலில் அதே தூரத்தில்தான் இருக்கும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு இத்தாலி வரைபடத்தை மாற்றியது, பள்ளி உள்ளிட்ட முக்கியக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் சோதிக்க 2003இல் உத்தரவு போட்டது. கட்டடம் தொடர்பானவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். நாம் அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யலாமே, முதலில் சோதனை.

நாளைக்கே பூமி குலுங்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. எங்கள் ஊருக்குப் புயலும் வெள்ளமும்தான் அடிக்கடி வரும் விருந்தாளிகள். 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல், எதுவானாலும் மக்களைக் கொண்டுபோய்த் தங்க வைப்பது பள்ளிக்கூடத்தில்தான். நிலநடுக்க விசையைக் கணக்கிடச் சொல்லும் ஐ.எஸ். 1893 விதியும் இதைத் தெரிந்துதான் பள்ளிகளை மருத்துவமனையோடு சேர்த்து வைத்திருக்கிறது. சாதாரண வீட்டைப்போல ஒன்றரை மடங்கு விசைக்குப் பள்ளியைக் கணக்கிட வேண்டும். புதிதாகக் கட்டும் பள்ளிகளுக்கு வடிவமைப்பு, வரைபடம் எல்லாம் வருகிறது, நிதியும் வருகிறது. ஏற்கெனவே நிற்கும் பள்ளிகள்தான் யார் கணக்கிலும் இல்லை.

நிலநடுக்க ஒத்திகை நடத்துகிறோமே என்று சொல்வீர்கள். நடத்தினார்கள், நானும் பார்த்தேன். ‘மேசைக்கு அடியில் போய்த் தலையை மூடிக்கொள்’ என்று பாடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேசை ஒன்றே ஒன்று, அது டீச்சருடையது.

நான் கேட்கும் ஆய்வு ஏதோ வெளிநாட்டிலிருந்து ஆள் வரவழைக்கும் வேலை இல்லை. முதல் படி, ரேபிட் விஷுவல் ஸ்கிரீனிங், அதாவது விரைவுப் பார்வை ஆய்வு. பயிற்சி பெற்ற பொறியாளர் ஒருவர் ஒரு படிவத்தோடு வந்து, கட்டடத்தை உள்ளும் புறமும் சுற்றிப் பார்த்து, எத்தனை தளம், என்ன மண், சுவர் எப்படிச் சேர்கிறது, பெல்ட் உண்டா, பிற்பாடு சேர்த்துக் கட்டியது எது என்று குறித்து மதிப்பெண் போடுவார். ஒரு கட்டடத்துக்கு ஒரு மணி நேரம் தாராளம். அதில் சந்தேகத்துக்கு உரியவை என்று தேறுபவற்றை மட்டும் இரண்டாம் படியில் கருவி வைத்துச் சோதிக்கலாம், கான்கிரீட்டின் வலுவைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி, தேவைப்பட்டால் கான்கிரீட்டில் துளையிட்டு எடுக்கும் மாதிரி. செங்கல் கட்டடத்துக்கு ஐ.எஸ். 13935, கான்கிரீட் கட்டடத்துக்கு ஐ.எஸ். 15988, இரண்டும் பல வருடமாக அச்சில் இருக்கின்றன. பழைய கட்டடம் புதுக் கட்டடம் அளவுக்குத் தேற வேண்டும் என்று இரண்டாவது விதி பிடிவாதமும் பிடிப்பதில்லை, புதிதுக்குச் சொல்லும் விசையில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தாங்கினால் போதும் என்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2016இல் பள்ளிப் பாதுகாப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆள் வேண்டுமா? சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் துறை இருக்கிறது, நம் மாவட்டத்துக்குள்ளேயே. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

தேறாத கட்டடத்தை எல்லாம் இடிக்க வேண்டும் என்பதும் இல்லை. லிண்டல் மட்டத்திலும் தளத்துக்குக் கீழேயும் சுவரைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, அதன் மேல் சிமென்ட் கலவை பூசிப் பட்டை கட்டலாம். மூலைகளில் செங்குத்தாகக் கம்பி கொடுக்கலாம். எங்கள் ஊர்க் கொத்தனார்களுக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தால் செய்துவிடுவார்கள். நேபாளத்தில் இப்படி வலுப்படுத்திய பள்ளிகள் 2015இல் நின்றன. டெல்லியில் லட்லோ காஸில் அரசுப் பள்ளியை இப்படி வலுப்படுத்தியிருக்கிறார்கள். சீனத்தின் சிச்சுவானில் யே ஜிபிங் என்று ஒரு தலைமையாசிரியர். தன் பள்ளிக் கட்டடத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல், வருடக்கணக்கில் அதிகாரிகளிடம் நிதி கேட்டுக் கேட்டுத் தூண்களைத் தடிமனாக்கினார், பருவத்துக்கு ஒரு ஒத்திகை நடத்தினார். 2008 மே 12 அன்று வந்த நிலநடுக்கத்தில் அந்த மாகாணத்தில் 5,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். அவர் பள்ளியில் இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அவர் கேட்ட நிதியை யாரோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அவர் பெயர்தான் நமக்குத் தெரியவில்லை.

இது சலுகையும் இல்லை. 94 பிள்ளைகளைப் பலிகொண்ட 2004 கும்பகோணம் தீ விபத்தை ஒட்டிய வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது.

ஆகவே கேட்கிறேன்.

எங்கள் பள்ளியில் மேல்தளம் கட்டும் பணியை உடனே நிறுத்தி வையுங்கள். கடக்காலைத் தோண்டிப் பார்த்து, சுவரின் சாந்தைச் சோதித்து, நிலநடுக்க விசையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் தன் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு தொடங்குங்கள். தாங்காது என்று அவர் சொன்னால் அந்த வகுப்பறைகளைத் தரையில் கட்டுங்கள், மைதானத்தின் தென்பக்கம் இடம் இருக்கிறது. மாவட்டத்தில் வேறு எந்தப் பள்ளியில் பழைய கட்டடத்தின் மேல் தளம் ஏற்ற ஒப்புதல் கொடுத்திருந்தாலும் இதே முறை பொருந்த வேண்டும்.

மாவட்டத்தின் எல்லா அரசு, ஊராட்சி ஒன்றிய, மாநகராட்சி, நகராட்சி, உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரைவுப் பார்வை ஆய்வை அறிவியுங்கள். கடலோரத்திலும் ஆற்றுப்படுகையிலும் உள்ளவற்றிலும், முகாமாகப் பயன்படுத்தும் பள்ளிகளிலும் முதலில் தொடங்குங்கள். ஆண்டுதோறும் உறுதிச் சான்றுக்காக வரும் படிவத்திலேயே நிலநடுக்கத்துக்கு ஒரு பக்கம் சேர்த்துவிட்டால், அடுத்த வருடம் இதை யாரும் மனு போட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

முடிவைப் பள்ளி வாரியாக வெளியிடுங்கள். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், கிராம சபையில் வாசியுங்கள். மக்கள் பீதி அடைவார்கள் என்ற காரணத்தைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைப் படித்துவிட்டு நிதானமாக மீன் வாங்கப் போகும் ஊர் இது.

பெரிய நிதி வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவற்றுக்கு இப்போதே உத்தரவிடுங்கள். ஆடும் கைப்பிடிச் சுவர், மாடியில் சுவரோரம் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டி, சுவரில் பிணைக்காமல் நிற்கும் இரும்பு பீரோ, உள்பக்கமாகத் திறக்கும் கதவு, தூணைப் பிடித்து நிற்கும் குட்டைச் சுவர். பராமரிப்பு நிதியிலேயே இவை அடங்கும்.

ஆய்வுக்கு வருபவர்களோடு பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒருவரையும் கூட நிற்க விடுங்கள். எங்கள் பள்ளிக்கு நான் வருகிறேன், ஏணியும் நானே கொண்டுவருகிறேன்.

கட்டட வேலை செய்ய பள்ளிக்குக் கிடைப்பது கோடை விடுமுறை மட்டும்தான். அது தொடங்கும் முன், மேல்தளத்தின் கதி என்ன, ஆய்வு எந்தத் தேதியில், யார் பொறுப்பில் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். இந்த முறை பதிலில் பொறியாளரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், மாணவியின் தந்தை,
கடலூர் மாவட்டம்